எதைக் குறைத்து விலையைக் குறைத்தார்கள்?



தீபாவளி போனஸ் கைக்கு வரும் சமயத்தில் உங்களில் நாலைந்து பேராவது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "டீச்சர், பிள்ளைக்கு ஸ்விட்ச் வாங்கலாமா, இல்ல விலை கம்மியா வர்ற லைட்டே போதுமா?" கருவியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. ஆனால் எதைக் கேட்டாலும் அது பிறந்த கதையைச் சொல்லாமல் விடமாட்டேன் என்பது ஆறாம் வகுப்பிலிருந்தே உங்களுக்குத் தெரியும். ஆகவே இன்று அந்தக் கதைதான். கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

விஷயம் தெரியாத உறவுகளுக்காக முதலில் சுருக்கமாக. நிண்டெண்டோ என்பது ஜப்பானின் கியோட்டோ நகரத்துக் கம்பெனி. 1889இல் சீட்டுக்கட்டு செய்யத்தான் ஆரம்பித்தார்கள். 2017 மார்ச்சில் ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்தார்கள். அதைக் கையில் வைத்தும் ஆடலாம், டிவியில் மாட்டியும் ஆடலாம். இரண்டு பக்கமும் இருக்கும் கைப்பிடிகளைக் கழற்றி ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து இரண்டு பேர் ஆடலாம். அந்தக் கைப்பிடிக்கு ஜாய்கான் என்று பெயர். வெளிவந்தபோது அமெரிக்காவில் விலை 300 டாலர்.

2019 செப்டம்பரில் அதன் தம்பி வந்தது. பெயர் ஸ்விட்ச் லைட், விலை 200 டாலர். எடை 275 கிராம்தான். அண்ணன் கைப்பிடியோடு சேர்த்து 400 கிராமுக்குப் பக்கம். திரை 6.2 அங்குலத்திலிருந்து 5.5 ஆகச் சுருங்கியது. டிவியில் மாட்ட முடியாது. கைப்பிடி உடம்போடு ஒட்டியே இருக்கும், கழற்ற முடியாது. மேசையில் நிறுத்தப் பின்னால் இருந்த காலும் இல்லை.

நூறு டாலர் மிச்சம். அந்த நூறு டாலருக்கு எதை எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. விலை குறைந்த பொருள் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்றை எடுத்திருப்பார்கள். இந்தக் கருவிகளின் கதையில் இரண்டு விதமாக எடுத்திருக்கிறார்கள். சில நேரம் கருவியிலிருந்து எடுப்பார்கள். சில நேரம் கூட ஆடுகிற ஆளை எடுத்துவிடுவார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரர் சொல்வதை நம்பி நிற்க வேண்டியதில்லை.

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். பல்லாங்குழிப் பலகையில் பதினான்கு குழி. வசதியான வீட்டில் மரத்தில் செதுக்கியது இருக்கும், பித்தளையிலும் இருக்கும், மடித்து எடுத்துப்போகிற மாதிரியும் உண்டு. காய்க்கு சோழியும் மஞ்சாடியும். இல்லாத வீட்டில் திண்ணையோரம் மண்ணில் பதினான்கு பள்ளம் தோண்டி, புளியங்கொட்டையைப் போட்டு ஆடினார்கள். இதுவும் மலிவுப் பதிப்புதான். மரம் போச்சு, பித்தளை போச்சு, சோழி போச்சு. ஆனால் எதிரே உட்காரும் ஆள் போகவில்லை, ஆட்டத்தில் ஒரு விதியும் குறையவில்லை. ஆடுபுலி ஆட்டமும் அப்படித்தான். மூன்று புலி, பதினைந்து ஆடு. கோயில் தரைக்கல்லில் கோடு கீறி ஆடியிருக்கிறார்கள். கரித்துண்டால் கோடு போட்டாலும் ஆட்டம் அதேதான்.

ஒரே ஆள் ஆடும் பல்லாங்குழியும் நம்மிடம் உண்டு. அதற்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சிறையிருந்தபோது சீதை தனியாக ஆடிய ஆட்டம் என்று சொல்வார்கள். தனியாக ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் வைக்க நம் முன்னோர்களுக்கு யார் ஞாபகம் வந்திருக்கிறது, பாருங்கள்.

இப்போது மின்சாரத்துக்கு வருவோம். வீட்டு டிவியில் மாட்டி ஆடும் முதல் கருவி 1972இல் அமெரிக்காவில் வந்தது. அந்தச் சமயத்தில் நம் சென்னையில் தொலைக்காட்சி நிலையமே கிடையாது. அது 1975இல்தான் வந்தது. கையடக்கத்துக்குப் பெரிய வழி திறந்தவர் நிண்டெண்டோவில் வேலை பார்த்த குன்பெய் யோகோய். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். கால்குலேட்டர்கள் மலிந்து, அந்தச் சின்னத் திரைகள் சல்லிசாகக் கிடைத்த காலம் அது. 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. ஒரு கருவி, ஒரு விளையாட்டு, கூடவே ஒரு கடிகாரம்.

யோகோயின் கொள்கை நம் வீட்டுப் பாட்டிமார்களுக்குப் புரியும். புத்தம்புதுசு எதுவும் வேண்டாம். எல்லோருக்கும் பழகிப்போன, விலை விழுந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடு, அதை வேறு வேலைக்குத் திருப்பு. மிஞ்சிய இட்லியை உதிர்த்து உப்புமா செய்கிற கணக்கு.

1989இல் வந்த கேம் பாய் அந்தக் கணக்கின் உச்சம். திரையில் வண்ணமே கிடையாது, நாலு சாயல் மட்டும். பின்னால் விளக்கு இல்லை. இருட்டில் ஆட முடியாது. விலை 90 டாலருக்குப் பக்கம். அதே வருடம் அட்டாரி கம்பெனியின் லிங்க்ஸ் வண்ணத் திரையோடு, ஏறக்குறைய 180 டாலருக்கு வந்தது. அடுத்த வருடம் சேகா கம்பெனியின் கேம் கியர், அதுவும் வண்ணத்தில். கடையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேம் பாய் பரிதாபமாகத்தான் தெரியும். ஆனால் வண்ணக் கருவிகள் ஆறு பென்சில் செல்லை நாலைந்து மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தன. கேம் பாய் நாலு செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கடைசியில் கேம் கியர் ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேலே விற்றது. கேம் பாய், பின்னால் வந்த அதன் வண்ணப் பதிப்பையும் சேர்த்து, ஏறக்குறைய 11.9 கோடி விற்றது.

எல்லோரும் விலையையும் பேட்டரியையும் சொல்வார்கள். நான் இன்னொன்றைக் கவனிக்கச் சொல்வேன். வண்ணத்தையும் விளக்கையும் விட்டுக்கொடுத்த யோகோயின் குழு, கருவியின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டையை விட்டுக்கொடுக்கவில்லை. அதில் ஒரு வயரைச் செருகி இரண்டு கேம் பாய்களை இணைக்கலாம். அதனால் டெட்ரிஸ் ஆட்டத்தை இரண்டு பேர் போட்டியாக ஆட முடிந்தது. 1996இல் வந்த போக்கிமான் அந்த வயரை நம்பியே பிறந்தது. சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்பு. சில உயிரினங்கள் சிவப்பில் மட்டும் கிடைக்கும், சில பச்சையில் மட்டும். எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொரு பிள்ளையிடம் போய், வயரை மாட்டி, பண்டமாற்று செய்தே ஆக வேண்டும். தனியாகப் பிடித்துக்கொள்ளும் கருவிதான், ஆனால் தனியாக முடிக்க முடியாத ஆட்டம்.

நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு அந்தக் கேம் பாய் எட்டவில்லை. பாரிமுனைப் பக்கம் பர்மா பஜார் இருக்கிறதே, பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் ஏற்பட்டது, அங்கேயும் ரிச்சி தெருவிலும் தொண்ணூறுகளில் கிடைத்தது 'பிரிக் கேம்'. மேலிருந்து கட்டை விழும், அடுக்க வேண்டும். பெட்டியில் '9999 ஆட்டங்கள்' என்று போட்டிருக்கும். ஆடிப் பார்த்தால் நாலைந்து ஆட்டத்தையே வேகம் மாற்றி மாற்றி எண்ணியிருப்பார்கள். வகுப்பில் நான் வாங்கி மேசை டிராயரில் வைத்து, சாயங்காலம் திருப்பிக் கொடுத்தது எத்தனை என்று உங்களுக்கே தெரியும்! அதில் வயர் ஓட்டை கிடையாது. ஆனால் அதைச் சுற்றி எப்போதும் நாலு தலை இருக்கும். "செத்தா எனக்குக் குடு" என்பதுதான் விதி. கருவியில் இல்லாத இரண்டாவது ஆளை நீங்களே சேர்த்துக்கொண்டீர்கள்.

அடுத்து வந்தது போன். 1997இல் நோக்கியா 6110 போனில் பாம்பு விளையாட்டு வந்தது. எழுதியவர் பின்லாந்தின் தனேலி அர்மன்டோ. அந்த முதல் பாம்பை இரண்டு பேர் ஆடலாம் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு போன்களின் தலையையும் எதிரெதிரே காட்டினால் இன்ஃப்ராரெட் கதிர் இணைத்துவிடும். பிறகு 2003இல், நம்மைப் போன்ற நாடுகளுக்கென்றே விலை குறைத்து 1100 வந்தது. 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத பொத்தான், தலையில் டார்ச் விளக்கு. மின்வெட்டுக் காலத்தில் அந்த டார்ச் நம் வீடுகளில் பட்ட பாடு கொஞ்சமா? பாம்பும் இருந்தது. இன்ஃப்ராரெட் இல்லை. டார்ச் வந்தது, எதிராளி போனார். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொழிற்சாலை தொடங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போன பெண்பிள்ளைகளில் என் மாணவிகளும் உண்டு. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன்.

இப்போது இரண்டு விதமான குறைப்புக்கும் நேருக்கு நேர் உதாரணம். 2011இல் சோனி தன் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்கு ஒரு மலிவுப் பதிப்பை ஐரோப்பாவில் கொண்டுவந்தது. பெயர் இ1000, விலை 100 யூரோ. எதை எடுத்தார்கள்? வைஃபையை எடுத்தார்கள். பிஎஸ்பி வைத்திருக்கிற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து ஆடியதே அந்த வைஃபை வழியாகத்தான். ஜப்பானில் நாலு பேர் கூடி ராட்சத மிருகத்தை வேட்டையாடும் ஆட்டத்தால்தான் பிஎஸ்பி அத்தனை பிரபலமானது. இ1000 வாங்கிய பிள்ளை அந்த வேட்டைக் கூட்டத்தில் சேர முடியாது. வைஃபை பாகம் ஒன்றும் பெரிய விலையில்லை. பிள்ளைக்கு அதுதான் பெரிய விலை.

இரண்டு வருடம் கழித்து, 2013 அக்டோபரில், நிண்டெண்டோ 2டிஎஸ் என்று ஒன்றை 130 டாலருக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய 3டிஎஸ்ஸில் கண்ணாடி போடாமலே முப்பரிமாணப் படம் தெரியும். புத்தகம் போல மடிக்கலாம். 2டிஎஸ்ஸில் முப்பரிமாணத்தையும் மடிப்பையும் எடுத்துவிட்டார்கள். பார்ப்பதற்குக் கதவு இடுக்கில் வைக்கிற கட்டை மாதிரி இருக்கும். ஆனால் ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் முப்பரிமாணத்தில் பார்க்கக் கூடாது என்று கம்பெனியே முன்பு எச்சரித்திருந்தது. சின்னப் பிள்ளைக்கு வேண்டாததை எடுத்தார்கள். மடிப்பு இல்லாததால் கீழே போட்டால் உடைகிற இடமும் ஒன்று குறைந்தது. பக்கத்துப் பிள்ளையோடு கம்பியில்லாமல் இணைந்து ஆடுகிற வசதியை அப்படியே விட்டுவைத்தார்கள். மலிவுப் பதிப்பு என்றால் இப்படிச் செய்ய வேண்டும்.

சரி, ஸ்விட்ச் லைட் எந்தப் பக்கம்?

நடுவில் நிற்கிறது. திரையைச் சுருக்கியது, எடையைக் குறைத்தது எல்லாம் கருவியில் செய்த குறைப்பு. சின்னக் கைக்கு அது நல்லதுகூட. இன்னொரு ஸ்விட்ச் வைத்திருக்கும் பிள்ளையோடு கம்பியில்லாமல் ஆடலாம், அதையும் எடுக்கவில்லை. ஆனால் ஒரே கருவியில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடுகிற வசதியை, அதாவது கைப்பிடியைக் கழற்றி "இந்தா, நீ பிடி" என்று நீட்டுகிற வசதியை எடுத்துவிட்டார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். லைட்டிலும் இரண்டு பேர் ஆட வேண்டுமென்றால் ஜாய்கான் ஜோடியைத் தனியாக வாங்கி இணைக்கலாம். அப்போதைய அமெரிக்க விலை 80 டாலர். 200 கூட்டல் 80, மொத்தம் 280. முழு ஸ்விட்ச் 300. மிச்சம் 20 டாலர். அந்த ஜாய்கானை லைட்டில் மாட்டிச் சார்ஜ் ஏற்ற முடியாது. அதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டும். இருபது டாலரும் போச்சு. இத்தனைக்குப் பிறகும் இரண்டு பேரும் அந்த 5.5 அங்குலத் திரையைத்தான் தலை முட்டிப் பார்க்க வேண்டும். ஆக, அந்த நூறு டாலரில் பெரும்பங்கு இரண்டாவது ஆள் உட்காரும் நாற்காலியின் விலை.

இவ்வளவு சொல்லிவிட்டு "ஆகவே லைட் வேண்டாம்" என்று முடித்தால் தராசில் ஒரு தட்டை மட்டும் பார்த்த மாதிரி. இன்னொரு தட்டுக்கு உங்களை டிரான்சிஸ்டர் காலத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

என் சிறுவயதில் வீட்டு ரேடியோ கூடத்து அலமாரியில் மேல் தட்டில் இருக்கும், வால்வு ரேடியோ. தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்ட வேண்டும். திருகுகிற உரிமை அப்பாவுக்கு, அடுத்து பெரியப்பாவுக்கு, பிறகு அண்ணன்களுக்கு. எல்லோரும் சேர்ந்து கேட்டோம் என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். சேர்ந்துதான் கேட்டோம், ஆனால் எதைக் கேட்பது என்று அம்மாவை ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. சின்னது, சத்தம் கம்மி, தரமும் கம்மி, விலையும் கம்மி. அம்மா அதை அடுக்களைக்கு எடுத்துப்போனாள். மாவாட்டிக்கொண்டே இலங்கை வானொலியைத் தானே திருகிக் கேட்டாள். கூடத்துக் கூட்டம் கொஞ்சம் கலைந்தது உண்மைதான். அம்மாவுக்கு முதல்முறையாக அவள் முறை வந்ததும் உண்மை.

இதை நான் ஏன் நினைத்துக்கொண்டேன் என்றால், இந்த வருடம் கேட்டவர்களில் ஒருவன் சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன். மகனுக்குப் பதிமூன்று வயது, மகளுக்கு ஒன்பது. "பொண்ணுக்குத்தான் டீச்சர் பொறந்தநாள். முழு செட்டே வாங்கித் தரேன்னு சொல்றேன், லைட்டே போதும்ங்கறா. அப்பாவுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு நினைக்குது பாவம்" என்று உருகினான். போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ஏன்டா தங்கம், பெருசு வேண்டாமா?"

"அதை டிவில மாட்டலாம்ல, டீச்சர் பாட்டி?"

"ஆமாம், மாட்டலாம்."

"மாட்டினா அண்ணா எடுத்துப்பான். இதை மாட்டவே முடியாதுல்ல, அதான்."

செலவைப் பற்றி அந்தப் பிள்ளை யோசிக்கவே இல்லை. கம்பெனி எதைக் குறை என்று எடுத்ததோ, அது அவளுக்குப் பூட்டு. கூடத்தில் தன் முறை வராது என்று ஒன்பது வயதில் கண்டுபிடித்துவிட்டாள். அடுக்களைக்கு டிரான்சிஸ்டரை எடுத்துப்போன என் அம்மா கண்முன் வந்தாள்.

அவனிடம் நான் சொன்னது இதுதான். "லைட்டையே வாங்கு. அவ பேரில், அவ கையில் கொடு. இப்போதைக்குத் தனி ஜாய்கான் எதுவும் வாங்காதே. யாரோடு ஆடுவது என்று அவ சொல்லும்போது வாங்கிக்கலாம். ஆனா கண்ணு, பொண்ணு கேட்டது விளையாட்டுக் கருவி மட்டும் இல்லை, தன் முறையைக் கேட்டிருக்கா. அதைக் கடையில வாங்க முடியாது. கூடத்து டிவிக்கு முறை போட்டு எழுதி ஒட்டு. அதில் அவ பெயர் முதலில் இருக்கட்டும்." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு "சரிங்க டீச்சர்" என்றான்.

மற்றவர்களுக்கு என் கருத்து. ஒரே பிள்ளை, கம்பெனி பஸ் மாதிரி நீளமான பள்ளிப் பயணம், ஊருக்குப் போகும் ரயில், இதெல்லாம்தான் உபயோகம் என்றால் லைட் போதும். இரண்டு பிள்ளைகள், அவர்களுக்குள் முறை ஒழுங்காக நடக்கிற வீடு, விடுமுறைக்கு அத்தை மாமா பிள்ளைகள் வருகிற வீடு என்றால் பெரியதை வாங்குங்கள். பணம் போதவில்லையென்றால் ஆறு மாதம் பொறுத்து வாங்குங்கள். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்துவிட்டதால் பழையதைக் கைமாற்றிக் கொடுக்கிறவர்களும் இருப்பார்கள்.

வாங்குமுன் இரண்டு எச்சரிக்கை. நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்கவில்லை. இங்கே கிடைப்பது வியாபாரிகள் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது. 2019 ஜனவரியில் விளையாட்டுக் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தும், டாலர் விலையைப் பெருக்கிப் பார்த்தால் கடை விலை ஒத்துவராது. ரிப்பேர் வந்தால் யார் பொறுப்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டாவது, இந்தக் கருவியின் கட்டைவிரல் குச்சி நாளடைவில் தொடாமலே தானாக நகரும் கோளாறு உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒன்று; 2020இல் கம்பெனித் தலைவரே வருத்தம் தெரிவித்தார். பெரியதில் கைப்பிடியை மட்டும் மாற்றலாம். லைட்டில் கருவியையே பிரிக்க வேண்டும்.

இந்தப் பாடம் விளையாட்டுக் கருவியோடு நிற்பதில்லை. மலிவான போன், மலிவான டியூஷன், மலிவான பஸ் பாஸ், எது வந்தாலும் "எதை எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அதை உபயோகிக்கப் போகிற ஆளிடம் "அது உனக்கு வேணுமா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். முதல் கேள்வியை எல்லோரும் கேட்டுவிடுகிறோம். இரண்டாவதைத்தான் பெரியவர்கள் நாம் மறந்துவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் ரேடியோவையோ டிவியையோ திருகும் உரிமை யாரிடம் இருந்தது? உங்கள் முறை எப்போது வந்தது? கீழே எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன். இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். பல்லாங்குழிப் பலகை ஊஞ்சலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. புளியங்கொட்டையும் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்